கேரியரில் போட்ட துண்டு

குறுக்குப்பேரிக்கு வழி கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப விளக்கமாகச் சொல்வார்கள். அதனால்தான் அந்த ஊருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. சேர்ந்த சிலரும் வேறு எங்கோ போகப் புறப்பட்டவர்கள்.

அந்த ஊரில் பிறந்ததற்காக அதிகம் அடிபட்டவன் மயிலேறி. வயது முப்பத்து நாலு. நல்ல குணம், இரண்டு ஏக்கர் வாழை, வரிசையான பல். ஏழு வருஷமாகப் பெண் தேடினார்கள். ஜாதகம் பொருந்தும், பெண்ணுக்கும் பிடித்துவிடும் போலிருக்கும். அப்போது பார்த்து யாராவது ஒருவர், "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். பதிலைக் கேட்டதும் நீட்டிய காபி உள்ளே திரும்பிப் போய்விடும்.

எட்டாவது வருஷம் செங்காட்டூர் வேலாயுதம் ஒருவர் மட்டும், "ஊரையா கட்டிக் குடுக்கப் போறோம்? ஆளைப் பார்ப்போம். புதன்கிழமை வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் மகள் உலகம்மை செங்காட்டூரில் தையல் கடை வைத்திருந்தாள். மயிலேறிக்கு அவளை முன்பே தெரியும். ஒருநாள் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போயிருந்தான். சட்டை கிழிந்தாலும் கிழியுமே தவிரப் பொத்தான் வராது என்கிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் அந்தப் பொத்தானைக் கழற்றியதே இல்லை. சட்டையைத் தலை வழியாகவே போட்டான், தலை வழியாகவே கழற்றினான். புதன்கிழமைக்காக அவன் அவ்வளவு ஏங்கினான்.

இனி சைக்கிளுக்கு வருவோம்.

மயிலேறியின் பாட்டனார் காலத்தில் அந்த ஊரில் வீரபுத்திர ஆசாரி என்று ஒருவர் இருந்தார். பத்திரிகையில் வந்த ஒரு சைக்கிள் படத்தைப் பார்த்து அப்படியே ஒன்று செய்து தருவதாகப் பாட்டனாரிடம் சொன்னார். படம் சைக்கிளின் இடப்பக்கத்தைக் காட்டியது. வலப்பக்கத்தில் இருக்கும் செயின் கண்ணில் படவில்லை. ஆசாரி யோசித்து அதை இடப்பக்கத்திலேயே வைத்தார். முன்சக்கரம் பாதியோடு பத்திரிகை கிழிந்திருந்ததால், மீதிப் பாதியை அவர் மனதுக்குப் பட்ட அளவில் முடித்தார். அது பின்சக்கரத்தைவிட ஒரு சாண் பெரிதாக வந்தது. மணியைப் பின்னால் வைத்தார். முன்னால் நிற்பவனுக்கு நாம் வருவது தெரியும், பின்னால் நிற்பவனுக்குத்தான் நாம் போய்விட்டது தெரியாது என்பது அவர் கட்சி. பிரேக் வைக்கவில்லை. ஊர்க் கடைசியில் ஓடை இருந்தது.

பாட்டனார் காலத்துக்குப் பின் சொத்துப் பிரிவினை வந்தபோது சைக்கிளையும் பிரித்தார்கள். பங்காளிகள் நாலு பேர். மூத்தவர் ஐயம்பெருமாளுக்கு முன்சக்கரம். சங்கிலிக்குப் பின்சக்கரம். பேச்சிமுத்துவுக்கு ஹேண்டில்பாரும் சீட்டும் மணியும். கடைக்குட்டி மயிலேறிக்குக் கேரியர். கிணறு பொதுவில் இருப்பதுபோலப் பெடலும் செயினும் பொதுவில் இருந்தன. சைக்கிள் எங்கே போனாலும் நாலு பேரும் கூடவே போவார்கள். பேச்சிமுத்து ஓட்டுவார், மயிலேறி கேரியரில் இருப்பான், மற்ற இரண்டு பேரும் அவரவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடி வருவார்கள். ஊரில் சைக்கிள் இருந்தும் களைத்துப் போகிற குடும்பம் அது ஒன்றுதான்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். ஞானசிகாமணி என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கப் பல் பிடுங்கி, அந்தச் சம்பாத்தியத்தில் பழைய சைக்கிள்களாக வாங்கி வீட்டில் நிறுத்தியிருப்பவர். புங்க மரத்தடியில் நின்ற சைக்கிளைப் பார்த்ததும் வேட்டி அழுக்காவதைக் கவனிக்காமல் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, "ஒன்றரை லட்சம் தாரேன்" என்றார்.

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயம்பெருமாளுக்கு மனசு கேட்கவில்லை.

"டாக்டரய்யா, நீங்க படிச்சவிய. ஏமாந்துறக் கூடாது. டவுன்ல புதுசே ஏழாயிரத்துக்குக் கிடைக்கு. அதுல பிரேக்கும் உண்டு" என்றார்.

"அது மிஷின் செய்யுறது. ஒரே நாள்ல ஆயிரம் வண்டி இறங்கும். ஆயிரமும் ஒண்ணு போல இருக்கும்" என்றார் டாக்டர். "இது ஒரு மனுஷன் கையால அடிச்சது. இங்க பாருங்க, அரம் ராவின தடம் அப்படியே இருக்கு. அவர் தப்புப் பண்ணின இடம்கூடத் தெரியுது. இந்தத் தப்பை வேற யாரும் பண்ணினது கிடையாது. செஞ்சவரும் இப்ப இல்லை. இன்னொண்ணு வேணும்னாலும் யாராலயும் செய்ய முடியாது. அதைவிட முக்கியம், அன்னைக்கு இருந்ததுல இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட மாறலை. ஒரு திருகாணி மாறியிருந்தாலும் நான் பாதி விலைதான் தருவேன்."

"ஒரு திருகாணிக்கா?" என்று வாயைப் பிளந்தான் கேரியரில் உட்கார்ந்திருந்த மயிலேறி. அந்த நேரம் பார்த்து டாக்டர் படம் எடுத்தார். எடுத்த உடனே படம் வெளியே வந்து விழுகிற கேமரா அது. மற்ற மூன்று பேரும் அந்த அதிசயத்தைப் பார்க்க டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் படத்தில் விழவில்லை. டாக்டர் ஒரு படத்தைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்து ஐயம்பெருமாள் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை இதே நேரத்துக்கு வேனோட வாரேன். அதுவரைக்கும் இந்தப் படத்துல எப்படி இருக்கோ, அப்படியே இருக்கணும். எதையும் மாத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் மறைந்ததும் மயிலேறி கேரியரிலிருந்து இறங்கக் காலை எடுத்தான்.

"எங்கலே இறங்குத?" என்றார் ஐயம்பெருமாள்.

"வீட்டுக்குப் போறேன் அண்ணே."

ஐயம்பெருமாள் படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல கேரியர்ல உக்காந்திருக்கிறது யாரு?"

மயிலேறி பார்த்தான். அவனேதான். இடது கால் பெருவிரலில் ஒரு செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு செருப்பு கீழே கிடந்தது.

"நான் சைக்கிள் இல்லையே அண்ணே" என்றான்.

"நீ யாருன்னு நான் கேக்கலை. படத்துல இருக்கியா இல்லையா?"

"இருக்கேன்."

"ஒரு திருகாணி மாறினாலே பாதி விலை. நீ திருகாணியைவிடப் பெருசு" என்றார் ஐயம்பெருமாள் வருத்தத்தோடு.

மயிலேறியும் குறுக்குப்பேரிக்காரன்தானே. அதில் எந்தக் குற்றமும் அவனுக்குத் தெரியவில்லை. நன்றாக உட்கார்ந்து, இறங்கப் போனதில் விரலிலிருந்து நழுவிய செருப்பை எடுத்து மறுபடி விரலில் மாட்டித் தொங்கவிட்டான்.

பிறகு மூவரும் படத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். பின் டயரில் பாதிக் காற்று இருந்தது. அது எப்போதும் கசிகிற டயர். மணிக்கு ஒரு தரம் காற்றடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பாதியிலேயே வைத்திருக்கும் பொறுப்பைச் சங்கிலி ஏற்றார். சைக்கிளுக்குப் பக்கத்தில் பேச்சிமுத்துவின் வெள்ளாடு வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அதை அங்கேயே கட்டிப்போட்டார்கள்.

"ஆடு இருந்தாப் போதுமா? தின்னுக்கிட்டுல்லா இருக்கு" என்றார் சங்கிலி.

"தோலுக்கு எங்க போக?" என்றார் பேச்சிமுத்து.

மூவரும் மயிலேறியைப் பார்த்தார்கள். அவனுக்குத்தான் இரண்டு ஏக்கர் வாழை இருந்தது. அன்றிலிருந்து அவன் பழத்தைத் தின்பதும் ஆடு தோலைத் தின்பதுமாக வேலை நடந்தது.

மத்தியானம் வாக்கில் ஒரு சிக்கல் வந்தது. அவ்வளவு பழம் தின்றால் எந்த மனிதனுக்கும் வரக்கூடிய சிக்கல்தான். மயிலேறி நெளிந்தான்.

"அண்ணே, ஓடைப் பக்கம் போயிட்டு வரணும்."

மூவரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் பேச்சிமுத்து வழி சொன்னார். "பஸ்ஸுல என்ன செய்யுதோம்? ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டுட்டா அது நம்ம இடம். கண்டக்டரே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. துண்டு இருந்தா ஆள் இருக்குன்னுதான் கணக்கு."

"எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"கால் மணி நேரம். அதுக்கு மேல போனா பஸ்ஸுல சண்டை வந்துரும்."

அப்படியே முடிவானது. மயிலேறி தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டை மடித்துக் கேரியரில் போட்டுவிட்டு ஓடையைப் பார்த்து ஓடினான். மூவரும் துண்டுக்கு மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை இப்படியே போனது. புதன்கிழமை விடிந்ததும் மயிலேறி மறுபடி நெளிந்தான். இந்தத் தடவை பழம் காரணமில்லை.

"அண்ணே, இன்னைக்குச் செங்காட்டூருக்குப் போகணும்."

"போகணும்தான்" என்றார் ஐயம்பெருமாள். "போக வர மூணு மணி நேரம். துண்டுக்குக் கால் மணி நேரம்தானே."

"அப்ப நான் போகாண்டாமா? எட்டு வருஷம் அண்ணே. இதுவும் போச்சுன்னா இனி எனக்கு யாரு குடுப்பா?" மயிலேறிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக அவன் இறங்கிவிடவில்லை. இறங்கினால் மூன்று அண்ணன்மார் பங்கும் பாதியாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

அண்ணன்மார் மூவரும் தலையைக் குனிந்து நின்றார்கள். திடீரென்று சங்கிலி நிமிர்ந்தார்.

"ஏலே, துண்டு இங்க செல்லும்னா அங்கயும் செல்லும்லா? பொண்ணு பாக்கறது எவ்வளவு நேரம்? ஒரு காபி நேரம். கால் மணி தாண்டாது."

அவ்வளவு நல்ல யோசனை அந்த ஊரில் பல வருஷமாக யாருக்கும் வந்ததில்லை. துண்டைத் துவைத்து, காயவைத்து, நாலாக மடித்து, திருநீறு பூசி, வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு மூவரும் பஸ் ஏறினார்கள். "நாங்க வார வரைக்கும் அடக்கிக்கிட்டு இரு. துண்டு எங்க கையில இருக்கு" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மயிலேறி ஆட்டோடு தனியாக இருந்தான். பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டே பழத்தை உரித்தான்.

சாயங்காலம் மூவரும் திரும்பினார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் முகத்தில் எப்போதும் அப்படித்தான்.

"என்னாச்சு அண்ணே?"

"நல்ல மரியாதை" என்றார் ஐயம்பெருமாள். "நாலு நாற்காலி போட்டிருந்தாவ. நடுவுல ஒரு நாற்காலியில துண்டை வச்சோம். மாப்பிள்ளை எங்கன்னு வேலாயுதம் கேட்டாரு. இந்தா இருக்காருன்னு காட்டினோம்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"எழுந்திருச்சு ரெண்டு தரம் வீட்டைச் சுத்தி நடந்துட்டு வந்தாரு."

"பொண்ணு?"

"பொண்ணு காபி கொண்டாந்துச்சு. எங்களுக்கு மூணு டம்ளர். நாலாவது டம்ளரைத் துண்டுக்கு முன்னால வச்சுது. ரொம்ப நேரம் துண்டைப் பார்த்துச்சு."

"பாக்க எப்படி இருந்துச்சு அண்ணே?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பொண்ணு பாக்க வேண்டியது நீ. அது வந்ததும் நாங்க மூணு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டோம்" என்றார் பேச்சிமுத்து.

"கண்ணை மூடிக்கிட்டு, அது துண்டைப் பார்த்துச்சுன்னு எப்படிச் சொல்லுதீய?"

"துண்டுகிட்டப் பேசுச்சுல்லா. கல்யாணத்துக்கு அப்புறமும் தையல் கடையை நடத்துவேன், சம்மதமான்னு கேட்டுச்சு. நாங்க காத்திருந்தோம். துண்டு மறுத்து ஒண்ணும் சொல்லலை."

"அப்ப முடிஞ்சுதா?"

ஐயம்பெருமாள் செருமினார். "வேலாயுதம்தான் கொஞ்சம் கோவப்பட்டுட்டாரு. இந்த ஊருக்குப் பொண்ணைக் குடுக்கறதும் ஓடையில தள்ளுறதும் ஒண்ணுன்னாரு. பொண்ணு மட்டும், ஆளை ஒரு தரம் பார்த்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லிச்சு. நாளைக்கு வாராவளாம்."

அன்று மயிலேறி ஒழுங்காகப் பழம் தின்னவில்லை. ஆடு அவனைக் குறை சொல்லும் பாவனையில் பார்த்தது.

வியாழக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வேலாயுதமும் உலகம்மையும் வந்து இறங்கினார்கள். புங்க மரத்தடியில், நாலு நாள் தாடியோடு, கால்விரலில் செருப்பு தொங்க, ஒருவன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். சற்றுத் தள்ளி ஒருவர் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, "அரைதான், அரைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலாயுதம் அப்படியே பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினார். அடுத்த பஸ் ஒரு மணிக்குத்தான்.

உலகம்மை கிட்டே வந்து நின்றாள். "ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

மயிலேறி முழுக்கச் சொன்னான். ஆசாரி, செயின், திருகாணி, படம், பாதி விலை எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்காமல் கேட்டாள். நடுவில் அவள் பார்வை அவன் சட்டையில் வந்து நின்றது.

"இது நான் தைச்ச பொத்தான்."

"ஆமா."

"துணியெல்லாம் நைஞ்சு போச்சு. இது அப்படியே இருக்கு."

"நான் அதைக் கழட்டினதே இல்லை" என்றான் மயிலேறி. காது வரைக்கும் சிவந்துவிட்டான்.

அவள் பொத்தானிலிருந்து பார்வையை எடுத்தாள். "நான் இறங்கச் சொன்னா இறங்குவீங்களா?"

மயிலேறி கஷ்டப்பட்டு யோசித்தான். அண்ணன்மார் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "துண்டைப் போட்டுட்டுக் கால் மணி நேரம் இறங்குவேன்" என்றான். "அதுக்கு மேலன்னா அண்ணன்மாருக்கு நஷ்டம்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். "கால் மணி நேரம் போதும்."

துண்டைப் போட்டுவிட்டு இருவரும் ஓடை வரைக்கும் நடந்து போனார்கள். என்ன பேசினார்களோ தெரியாது. பதினாலாவது நிமிஷம் மயிலேறி வந்து ஏறிக்கொண்டான். உலகம்மை பஸ் நிறுத்தத்துக்குப் போய் அப்பாவிடம் தன் முடிவைச் சொன்னாள்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றார் வேலாயுதம்.

"இதுக்கு முன்னால பார்த்த ரெண்டு மாப்பிள்ளையும் சொன்ன நேரத்துக்கே வரலை. இவரு நாலு நாளாச் சொன்ன இடத்துல இருக்காரு. கால் மணின்னு சொல்லிட்டுப் பதினாலு நிமிஷத்துல திரும்பினாரு. எனக்கு இது போதும்ப்பா."

வேலாயுதம் பதில் யோசித்து முடிப்பதற்குள் ஒரு மணி பஸ் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வேனோடு வந்தார். படத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மயிலேறி வாயைப் பிளந்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தான்.

"நீங்க இறங்கலாமே" என்றார் டாக்டர் மெதுவாக.

மயிலேறி இறங்கினான். நிமிர முடியவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்த வாக்கிலேயே நடந்தான். அப்படி நடந்துகொண்டே, அடுத்த மாதம் தனக்குக் கல்யாணம் என்று டாக்டரிடம் சொன்னான்.

ஐயம்பெருமாள் முன்னால் வந்து கை கட்டினார். "டாக்டரய்யா, மறைக்கப் படாது. ஆடு படத்துல இருந்ததைவிடக் கொஞ்சம் பெருத்துட்டு. விலையில குறைச்சுக்கிடுங்க."

முழு விலையும் உண்டு என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். ஆட்டையும் எடுத்துக்கொண்டால்தான் முழு விலையை வாங்குவோம் என்று மூவரும் ஒரே பிடியாக நின்றார்கள். ஆடு வேனில் ஏறியது. அடுத்து மயிலேறி ஏறப் போனான். டாக்டர் அவன் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்து, ஆள் வேண்டாம், அடுத்த மாதம் கல்யாணம் என்று சொன்னீர்களே, அதைப் பாருங்கள் என்றார்.

"ஆள் இல்லாம குடுத்தா அது ஏமாத்துல்லா" என்றார் சங்கிலி.

கடைசியில் சிவப்புக்கரைத் துண்டு கேரியரில் ஏறியது. இன்றைக்கும் நாகர்கோவிலில் டாக்டர் வீட்டு ஹாலுக்குப் போனால் அந்தச் சைக்கிளையும் துண்டையும் பார்க்கலாம். துண்டைப் பற்றிக் கேட்டால் டாக்டர் உங்கள் பல்லைப் பற்றி விசாரிப்பார்.

கல்யாணத்துக்கு டாக்டர் வந்திருந்தார். படம் உடனே வருகிற அந்தக் கேமராவையே பரிசாகக் கொடுத்தார். தாலி கட்டி முடிந்ததும் ஒரு குடும்பப் படம் எடுத்துவிடலாம் என்று எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நடுவில் மயிலேறியும் உலகம்மையும், ஒரு பக்கம் வேலாயுதமும் டாக்டரும், மறுபக்கம் ஐயம்பெருமாளும் பேச்சிமுத்துவும். சங்கிலி கேமராவை எடுத்தார்.

"யாரும் மாறக் கூடாது. அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு எது முன்பக்கம் என்று தேட ஆரம்பித்தார்.

எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ரொம்ப நேரம் இருந்தார்கள். முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று குரல் வந்தது. சாம்பார் வாசம் வந்தது. முதலில் எழுந்தது உலகம்மைதான். தாம்பூலத் தட்டில் இருந்த துண்டு ஒன்றை எடுத்துத் தன் நாற்காலியில் போட்டாள். மயிலேறியின் தோளில் கிடந்த துண்டை உருவி அவன் நாற்காலியில் போட்டாள். "கால் மணி நேரம்" என்று சொல்லி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்திக்குப் போனாள். நம் வீட்டுக்கு ஏற்ற பெண் என்று ஐயம்பெருமாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரும் துண்டைப் போட்டார். பேச்சிமுத்து போட்டார். பசி யாரை விட்டது, வேலாயுதமும் போட்டார். டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கைக்குட்டையைப் போட்டார்.

சங்கிலி ஒருவழியாக முன்பக்கத்தைக் கண்டுபிடித்து நிமிர்ந்தார். ஆறு நாற்காலியும் நிறைந்திருந்தன. திருப்தியாகப் படம் எடுத்தார்.

அந்தப் படம் இப்போதும் மயிலேறி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, படம் நன்றாக விழுந்திருக்கிறது, மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் கசங்கியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.